கொண்டியை யார் திறந்தது? தி ஷைனிங் 4கே டிஸ்க் வாங்கி, வீட்டில் சண்டை வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பட விமர்சனம் இல்லை. 1980-ல் வந்த படத்துக்கு நான் இப்போது உட்கார்ந்து மார்க் போட்டால் வீட்டுப் பிள்ளைகளே சிரிக்கும். இது டிஸ்க்குக்கான விமர்சனம். 2019-ல் வந்த 4கே பதிப்பு, நான் வாங்கியது தாமதமாக, அதுவும் பல மாதம் யோசித்து யோசித்து. ஆனால் டிஸ்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுத்தாளன் ஜாக் தன் மனைவி வெண்டி, மகன் டேனியோடு பனிக்காலக் காவலுக்குப் போகிற அந்த ஓட்டலில் பேய் இருக்கிறதா இல்லையா என்கிற பழைய சண்டையில்தான் போய் நிற்கிறது, அதனால் கதை முழுக்க வெளியே வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இந்தப் பக்கம் எங்கும் ஓடிப்போகாது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு டிவிடி உண்டு. கல்லூரிக் காலத்தில் களியக்காவிளையில் பஸ் மாறும்போது ஒரு கடையில் வாங்கியது, சதுர டிவிக்கு ஏற்ற சதுரப் படம், ஓடும் நேரம் 119 நிமிடம். அதைத்தான் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், வசனமே மனப்பாடம். அப்புறம்தான் இந்தப் படம் இரண்டு நீளத்தில் உண்டு என்று தெரிந்தது. அமெரிக்காவில் 144 நிமிடம் ஓடியதை ஐரோப்பாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்பும்போது இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கே வெட்டிக் குறைத்திருக்கிறார். அப்படியானால் நான் பார்க்காத இருபத்தைந்து நிமிடம் எங்கேயோ இருக்கிறது! மனப்பாடமாகத் தெரிந்த வீட்டில் திறக்காத ஒரு அறை இருப்பதுபோல அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த 4கே டிஸ்க்கில் இருப்பது அந்த 144 நிமிடப் பதிப்புதான்.

வாங்கிய அனுபவம் சுமார். விற்றவர் பெயர் வேண்டாம், அட்டைப்பெட்டிக்குள் ஒரு துண்டு பேப்பர்கூட வைக்காமல் அனுப்பியிருந்தார், மழைக்காலம் வேறு, மார்த்தாண்டம் வந்து சேரும்போது உறையின் ஒரு மூலை நனைந்து நசுங்கிப் போயிருந்தது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விட்டுவிட்டேன். விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு கிடையாது, அதனால் எந்த நாட்டிலிருந்து வாங்கினாலும் ஓடும், ஆனால் அதற்கென்று 4கே பிளேயர் வேண்டும், பழைய ப்ளூரே பிளேயரில் போட்டால் அது முழித்துக்கொண்டு நிற்கும். தமிழ் சப்டைட்டில் எதிர்பார்க்காதீர்கள்.

படத்தின் தரத்துக்கு வருவோம். மூல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள், அது முதல் காட்சியிலேயே தெரிகிறது. அந்த மஞ்சள் கார் மலைப்பாதையில் எறும்பு மாதிரி ஊர்ந்து போகிறதே, மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவில் எடுத்தது, அதில் ஏரித் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிவது என் டிவிடியில் சாம்பல் கலங்கலாக இருக்கும். இங்கே ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நிற்கிறது. ஓட்டலின் கோல்டு ரூம் பாரில் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம், அந்த ஆரஞ்சும் பழுப்புமான அறுகோணக் கம்பளம், ரத்தச் சிவப்புக் கழிவறை, எல்லாம் கண்ணைப் பறிக்கிறது, ஆனால் கண்ட கண்ட நிறத்தை ஏற்றிக் கெடுக்கவில்லை. ஃபிலிமுக்கே உரிய பொடி மணல் மாதிரித் துகள் (கிரெயின்) அப்படியே இருக்கிறது. ஒலி 5.1, அதாவது சுற்றிலும் ஸ்பீக்கர், படம் வெளியானபோது மோனோதான், ஒற்றைத் தடம். சின்னப்பையன் டேனி மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிப் போகும்போது மரத்தரையில் கடகடவென்று சத்தம், கம்பளம் வந்ததும் சட்டென்று அடங்கல், மறுபடி கடகட. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் இதிலேயே பாதிப் பயம் வந்துவிடும், பேயே தேவையில்லை. கேமராவைத் தரையோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே போக வைத்தவர் நடந்துகொண்டே ஆட்டமில்லாமல் படமெடுக்க உதவும் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்த காரட் பிரவுன், அவருடைய கமெண்டரி கூடவே வரும் ப்ளூரேயில் இருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

முதல் தடவை போட்டுப் பார்த்தபோது வீட்டில் நான்கு பேர். நான், அக்கா வீட்டுக்காரர் (திருவனந்தபுரத்தில் மனநலப் பிரிவில் நர்ஸ்), பாறசாலையிலிருந்து வரும் பழைய சிநேகிதன், அப்புறம் மாடி ஜன்னலுக்குக் கதவு போட வந்து மழையில் மாட்டிக்கொண்ட ஆசாரி அண்ணன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கட்டன்சாயாவோடு உட்கார்ந்தோம். நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது, அது படத்துக்கு உதவியது.

அத்தானுக்குப் பேயே இல்லை. அவர் கட்சி ரொம்பத் தெளிவு. ஜாக் குடிகாரன், குடியை விட்டவன், எழுத வராத எழுத்தாளன், பனியில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறான், அவனுக்கு இல்லாதது தெரியத்தான் செய்யும். "லேய் மக்கா, இதெல்லாம் நான் டூட்டியில தினம் பாக்கேன்" என்றார். அதற்கு அவர் எடுத்துக் காட்டிய சாட்சி கண்ணாடி. ஜாக் பாரில் மது ஊற்றிக் கொடுக்கும் லாயிடோடு பேசும்போது எதிரே கண்ணாடி, கழிவறையில் பழைய காவலாளி கிரேடியோடு பேசும்போது கண்ணாடி, 237-ம் அறையில் அந்தப் பெண் அழுகிப்போனவளாகத் தெரிவதும் கண்ணாடியில்தான். அவன் தன்னோடுதான் பேசிக்கொள்கிறான் என்றார். டேனியின் கழுத்தில் விரல் தடம்? அப்பன் நெரித்திருப்பான், இல்லாவிட்டால் பையன் தானே செய்துகொண்டான், படத்தில் ஜாக்கே அப்படித்தானே சொல்கிறான். இந்தக் கண்ணாடி விஷயம் ரசிகர்கள் வருஷக்கணக்காகப் பேசுவதுதான், அவர் தானாகவே கண்டுபிடித்ததுபோல் சொன்னார், நான் குறுக்கே பேசவில்லை.

பாறசாலைக்காரன் நாவல் படித்தவன், ஆகவே அவனுக்கு எல்லாரையும்விடக் கோபம். "எடா, நீ புஸ்தகம் வாயிச்சோ?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும். 1977-ல் வந்த ஸ்டீபன் கிங்கின் நாவலில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அங்கே லிஃப்ட் நடுராத்திரி தானாக ஓடி, உள்ளே பார்ட்டியில் வீசிய காகிதத் துணுக்குகள் கிடக்கின்றன, அதை வெண்டியும் பார்க்கிறாள். விலங்கு உருவத்தில் வெட்டிவிட்ட செடிகள் நகர்ந்து வந்து ஆளைத் துரத்துகின்றன. ஓட்டலுக்கு வேண்டியது பிறர் மனசையும் நடக்கப்போவதையும் பார்க்கிற டேனியின் சக்தி, அப்பன் வெறும் கருவி. கடைசியில் பாய்லர் வெடித்து ஓட்டலே போகிறது, சமையல்காரர் ஹாலரன் உயிரோடு இருக்கிறார், அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜாக் ஒரு கணம் தகப்பனாகத் திரும்பி வந்து மகனை ஓடச் சொல்கிறான். படத்தில் செடி விலங்குகள் இல்லை, அதற்குப் பதிலாகப் புதர்ச் சுவர்ப் பாதை, பாய்லர் வெடிக்கவில்லை, ஹாலரன் உள்ளே வந்ததும் கோடாரி வெட்டு. கிங்குக்கே இந்தப் படம் பிடிக்காமல் 1997-ல் தானே திரைக்கதை எழுதி டிவி தொடராக எடுக்க வைத்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் நாவலில் பேய் இருப்பதால் படத்திலும் இருந்தாக வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. மாமியார் வீட்டுச் சாம்பாரை வைத்து அம்மா வீட்டுச் சாம்பாரில் உப்பு பார்க்கிற கதை அது. (அறை எண்கூட நாவலில் 217. வெளிப்புறக் காட்சி எடுத்த ஆரிகனின் டிம்பர்லைன் லாட்ஜில் நிஜமாகவே ஒரு 217 இருந்ததால், இனி யாரும் அங்கே தங்கமாட்டார்கள் என்று பயந்து மாற்றச் சொன்னார்களாம், படத்தில் 237 ஆனது. பேய் இருக்கோ இல்லையோ, வியாபாரத்தில் பேய்க்கு மதிப்பு உண்டு.)

இனி அந்த இருபத்தைந்து நிமிடம். நான் பணம் கொடுத்ததே அதற்குத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீளப் பதிப்பில் ஆரம்பத்தில் ஒரு லேடி டாக்டர் டேனியைப் பார்க்க வருகிறார். அவரிடம் வெண்டி, ஜாக் ஒரு தடவை குடிபோதையில் பையன் கையைப் பிடித்து இழுத்ததில் மூட்டு நழுவியதையும், அதற்கப்புறம் குடியை விட்டதையும் ஒரு அசட்டுச் சிரிப்போடு சொல்கிறாள். சிகரெட் சாம்பல் நீண்டுகொண்டே போகிறது, டாக்டரின் முகம் கல்லாகிறது. என் டிவிடியில் இது மொத்தமும் இல்லை! அதில் கை மூட்டு நழுவிய விஷயம் முதன்முதலாக நமக்குத் தெரிவதே வெகுநேரம் கழித்து, பாரில் ஜாக் லாயிடிடம் புலம்பும்போதுதான். அப்போது அதைக் கேட்கும்போது நமக்கும் திடுக்கென்றிருக்கும், இவன் இப்படிப்பட்டவனா என்று. நீளப் பதிப்பில் முதல் அரைமணியிலேயே இவன் வீட்டில் கைநீட்டுகிறவன் என்று தெரிந்துவிடுகிறது, ஓட்டலுக்குப் போவதற்கு முன்பே. அத்தான் இந்தக் காட்சியைப் பார்த்துத் தொடையைத் தட்டினார், பாத்தியா, பேய் வர்றதுக்கு முன்னாலேயே நோய் வந்தாச்சு என்று.

ஆனால் அவர் சந்தோஷம் நிலைக்கவில்லை. கடைசியில் வெண்டி கத்தியோடு ஓடித் திரியும்போது, நீளப் பதிப்பில் மட்டும், அவள் ஓட்டல் வரவேற்புக் கூடத்துக்குள் நுழைய, நீல வெளிச்சத்தில் ஒட்டடை பிடித்த எலும்புக்கூடுகள் பார்ட்டிக்கு உட்கார்ந்திருக்கின்றன. ஜாக் பார்த்தால் பைத்தியம், டேனி பார்த்தால் அபூர்வ சக்தி. வெண்டி மூளை தெளிந்தவள், அவளுமா? கரடி வேஷம் போட்டவனையும் தலை பிளந்த விருந்தாளியையும் அவள் இரண்டு பதிப்பிலும் பார்க்கிறாள் என்பது சரிதான், ஆனால் அதெல்லாம் சில நொடிகள், பயத்தில் கண் கட்டியது என்று தள்ளிவிடலாம். இந்தக் கூடம் அப்படி இல்லை, மேஜை, நாற்காலி, ஒட்டடை என்று சாவகாசமாகக் காட்டுகிறது. பாறசாலைக்காரன் எழுந்து நின்று கைதட்டினான்.

எனக்கு இந்தக் காட்சி பிடிக்கவில்லை, இதை ஒளிக்காமல் சொல்கிறேன். 4கே தெளிவில் அது திருவிழாப் பொருட்காட்சியில் இருபது ரூபாய் டிக்கெட்டுக்குக் காட்டும் பேய் வீடு மாதிரி இருக்கிறது, எலும்புக்கூட்டின் தாடையில் கட்டிய கம்பி மட்டும்தான் தெரியவில்லை. ஆக, கூடுதல் இருபத்தைந்து நிமிடம் பேய் இல்லை என்பவனுக்கும் ஒரு படி அளந்து போடுகிறது, உண்டு என்பவனுக்கும் ஒரு படி போடுகிறது. குறைந்த பதிப்பில் இரண்டு தட்டும் ஏறக்குறைய காலி. அதில் எல்லாம் ஒரே ஒரு கொண்டியில்தான் தொங்குகிறது.

அந்தக் கொண்டி தெரியும்தானே. வெண்டி மட்டையால் அடித்து மயக்கிய ஜாக்கை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைச் சரக்கறைக்குள் போட்டு வெளியே பூட்டிவிடுகிறாள். உள்ளே அவன் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறான். கதவுக்கு வெளியே கிரேடியின் குரல் வருகிறது, பேரம் நடக்கிறது, கொண்டி விலகும் சத்தம். அடுத்து ஜாக் வெளியே. கவனியுங்கள், இங்கே கண்ணாடி இல்லை. கிரேடியின் உருவமும் இல்லை. கொண்டி நகர்வதைக்கூட நாம் பார்ப்பதில்லை, சத்தம் மட்டும்தான். கேமரா கடைசிவரை உள்ளேயே அவனோடு நிற்கிறது.

அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, டேனி திறந்துவிட்டிருப்பான் என்றார். இப்படி ஒரு கட்சி நிஜமாகவே உண்டு, அப்பனால் மிரட்டப்பட்ட பிள்ளை அப்பனுக்கே கதவு திறந்துவிடும் என்று. அப்போதுதான் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த ஆசாரி அண்ணன் "அந்தப் பொம்பள ஆளை இழுத்துட்டு வர்ற இடத்தை ஒருக்கா பின்னால ஓட்டுங்க தம்பி" என்றார். ஓட்டினேன். வெண்டி கதவைத் திறக்க அந்தக் கொண்டியோடு மல்லுக்கட்டுகிறாளே, கை நடுங்கி, திறக்க வராமல், அந்த இடம். இரண்டு மூன்று தடவை பார்த்தார். இது குளிர் அறைக்குப் போடுகிற மாதிரிக் கனத்த கதவு, இந்த மாதிரிக் கொண்டி காற்றில் ஆடி விழாது, தள்ளினாலும் விழாது, வெளியே நின்று ஒரு ஆள் கை வைத்தால்தான் உண்டு என்றார். பையனுக்குக் கை எட்டுமா என்று அத்தான் கேட்டார். "எட்டும். ஆனா பெரிய ஆளுக்கே அவ்வளவு பாடு படுது, சின்னப் பிள்ளைக்கு அந்தச் சத்தத்தில ஒரே இழுப்பில வருமா? நீங்க கேட்ட சத்தம் ஒரே இழுப்பு." அத்தோடு சாயாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் அளவெடுக்கப் போய்விட்டார்.

நான் திரும்ப அந்த இடத்தைச் சத்தத்துக்காக மட்டும் நாலு தடவை போட்டேன். நிஜமாகவே ஒரே இழுப்புதான், அவசரமே இல்லாத இழுப்பு, தினமும் அந்தக் கதவைத் திறந்து பழகியவன் திறப்பதுபோல. என் பழைய டிவிடியில் டிவி ஸ்பீக்கரில் அது வெறும் டக். இந்த டிஸ்க்கில் இரும்பு மரத்தில் உரசுவது கேட்கிறது. கூப்ரிக் பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் சிமானுக்குத் தந்த பேட்டியில் இதைத்தான் சொல்கிறார், நடப்பதெல்லாம் ஜாக்கின் மனசுக்குள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டே வரலாம், கிரேடி தாழ்ப்பாளைத் திறக்கும்வரை, அதற்கப்புறம் அமானுஷ்யம் தவிர வேறு வழியில்லை என்று. எடுத்தவரே சொன்னபிறகு என்ன சண்டை என்று கேட்டால், எடுத்தவர் சொன்னதைவிட எடுத்து வைத்திருப்பதைத்தான் நான் பார்ப்பேன். கொண்டி தீர்ப்பு சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், கடைசியில் வரும் அந்த 1921 ஜூலை 4 புகைப்படத்தை என்ன செய்வது? நடுவில் ஜாக் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஆரம்பத்தில் மேனேஜர் அல்மன் சொல்லும் கொலைகாரக் காவலாளி பெயர் சார்லஸ் கிரேடி, கழிவறையில் வருகிறவன் தன்னை டெல்பர்ட் கிரேடி என்கிறான், ஒரே ஆளா, இரண்டு பிறவியா, திரைக்கதையில் விட்ட பிழையா? பேய் உண்டு என்று ஒத்துக்கொண்ட பிறகும் இது தீரவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த விவாதமே கொஞ்சம் விசித்திரமாகப் படும் என்று நினைக்கிறேன். யட்சி பிறந்த வீடு என்று கதை சொல்கிற காஞ்சிரகோடு எங்களுக்குப் பக்கத்து ஊர். முப்பந்தல் இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பாதிப்பேர் ஆரல்வாய்மொழி தாண்டுகிறார்கள். இசக்கி இருக்கிறாளா என்று இங்கே யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. என்ன கோபம், யார் அநியாயம் செய்தது, என்ன கொடுத்தால் ஆறுவாள், வில்லுப்பாட்டில் ராத்திரி முழுக்க இதைத்தான் பாடுவார்கள். பாறசாலைக்காரன் 1993-ன் மலையாளப் படம் மணிச்சித்ரதாழைக் கொண்டுவந்து நிறுத்தினான், அதில் சைக்யாட்ரிஸ்ட் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறாரே, அதுவும் நம்ம தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தது என்று. அந்த அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு, 1956-லிருந்து அப்படித்தான். அங்கே நோய் பாதி, பேய் பாதி என்று பேசினால் பொருத்தமாகத்தான் இருக்கும். அந்தப் படத்தில் ஆவேசம் வந்தால் கதாநாயகி பேசுவது தமிழ் என்பது எனக்குச் சின்ன வயசில் ரொம்பப் பெருமை, இப்போது யோசித்தால் கொஞ்சம் குறை. ஆனால் விளக்கம் கிடைத்ததும் அந்தப் படத்தில் பயம் இறங்கிவிடுகிறது. ஷைனிங்கில் விளக்கம் கிடைத்த பிறகும் ஏறுகிறது, ஏனென்றால் ஓட்டலுக்கு என்ன கோபம், என்ன கொடுத்தால் ஆறும் என்று அந்தப் படம் சொல்லவே இல்லை. கொடை கொடுக்க முடியாத இசக்கி அது.

மற்ற சில்லறை விஷயங்கள். கூடவே வரும் ப்ளூரேயில் கூப்ரிக்கின் மகள் விவியன் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது, அரைமணிக்குக் கொஞ்சம் கூட, இந்த டிஸ்க்கில் படத்துக்கு அடுத்தபடி உருப்படியானது அதுதான். படம் வெளியான பிறகு கூப்ரிக் வெட்டி எடுத்த ஆஸ்பத்திரிக் காட்சி இதில் இல்லை, தேடாதீர்கள். ஜாக் பக்கம் பக்கமாக ஒரே வரியைத் தட்டச்சு செய்து வைத்திருப்பானே, அதை மற்ற மொழிகளுக்கு அந்தந்த மொழிப் பழமொழியில் தனித்தனியாக எடுத்திருக்கிறார்கள், ஜெர்மனுக்கு எடுத்தது கிட்டத்தட்ட நம்ம "நன்றே செய், அதையும் இன்றே செய்" தான். தமிழில் அந்தக் கட்டுக் காகிதத்தைக் கற்பனை செய்து பார்த்தேன், சிரிப்பு வந்து அப்புறம் வரவில்லை.

என் பெரிய குறை ஒன்றுதான். இவ்வளவு விலைக்கு விற்கிற பெட்டியில் 119 நிமிடப் பதிப்பையும் சேர்த்திருக்கலாம். இயக்குநர் தானே வெட்டியது அது, பிழைப்புக்காக யாரோ கத்தரித்தது இல்லை. நீளத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னால் கணக்கு இடிக்கும், ஆனாலும் அப்படித்தான். முதல் தடவை பார்க்கிறவர் என்றால் எப்படியாவது குறைந்த பதிப்பைத் தேடிப் பாருங்கள், எலும்புக்கூடு இல்லாமல், டாக்டர் இல்லாமல், கொண்டிச் சத்தம் மட்டும். ஏற்கெனவே பார்த்தவர்களும், நல்ல ஸ்பீக்கர் உள்ளவர்களும் இந்த டிஸ்க்கைத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு.

டிஸ்க் இப்போது என்னிடம் இல்லை, எலும்புக்கூட்டை வீட்டம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று பாறசாலைக்காரன் கொண்டுபோய் மூன்று வாரம் ஆகிறது. அத்தான் டிவிடியைக் கேட்டார், அவருக்குச் சாதகமாக இருக்கும் என்று. கொடுக்கவில்லை.